ஏழாம் நம்பர் கதவு

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. சாவு வீட்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறேன். இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் பஞ்சாயத்து வீடுவீடாகக் கணக்கெடுக்க அனுப்பியது. கையில் ஒரு போன், கழுத்தில் அடையாள அட்டை, தலை நிறையக் கனம். அதுவும் நான் பிறந்து வளர்ந்த லயத்துக்கே அனுப்பினார்கள்.

மூணாற்றிலிருந்து ஜீப்பில் ஏறிப்போகிற தேயிலை எஸ்டேட் எங்களுடையது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், அதுதான் லயம். ஒவ்வொரு கதவுக்கும் மேலே பஞ்சாயத்து கொடுத்த தகர நம்பர் இருக்கும். புதிதாக வந்த ஆப்பில் வேலை சுலபம். கதவுக்கு முன்னால் நின்று, தகடும் வீட்டுக்காரரும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தில் குறித்த இடத்தோடு நம்பர் பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு.

முதல் கதவு சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது எங்கள் வீடு. அம்மா நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவும் சிவப்பு. போனில்தான் கோளாறு என்று அதைத் தட்டினேன், ஆட்டினேன், சேலையில் துடைத்தேன். அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். முதல் கதவில் நான்கு, அடுத்ததில் ஒன்பது, எங்கள் வீட்டில் ஏழு. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் இது எனக்கு விசித்திரமாகத் தோன்றியதில்லை.

எங்கள் ஆட்கள் வீடு மாறினால் நம்பரையும் கழற்றிக்கொண்டு போவார்கள். மருமகள் வந்தால் ஓரத்து வீடு, முட்டி வலித்தால் பைப்புக்குப் பக்கத்து வீடு என்று சூப்பர்வைசர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். கட்டில் போகும், பீரோ போகும், கோழிக்கூடு போகும், கடைசியில் தகடும் போகும். ரேஷன் கார்டிலும் பேங்கிலும் கேஸ் புத்தகத்திலும் ஏறிய நம்பரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு என்ன பைத்தியமா? அம்மாவும் அப்படித்தான் முட்டிவலியோடு ஏழாவது கதவிலிருந்து மூன்றாவது கதவுக்கு வந்தாள், ஏழாம் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு.

சாதாரண நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஆனால் அம்மா அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறாள். கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருப்பது ஒரே அறை. பஞ்சாயத்தின் வீட்டுத் திட்டத்தில் அம்மா பெயர் இருந்தது. ஆனால் இப்போது குடியிருக்கும் வீடு பச்சையானால்தான் விண்ணப்பம் மேலே நகரும், பட்டியலோ அன்று மாலையே மூடுகிறது.

சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு ஓடிப்போய் செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். "பதறாதீங்க. என்ற லாகின்லதான் திருத்த முடியும், அதுவும் அந்த எடத்துக்கே வந்து நின்னாத்தானுங்க முடியும். வர்றனுங்க" என்றார். லயத்தில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நம்பர் வரிசையா இல்லைன்னு போன் ஏத்துக்க மாட்டேங்குது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஜீப்பை எதிர்பார்த்து ரோட்டுக்கு இறங்கினேன். என் வாயை அங்கேயே தைத்திருக்க வேண்டும்.

செக்ரட்டரியோடு திரும்பி வந்தால், லயம் ஜொலிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துத் தகடுகளும் வரிசை தவறாமல் மாட்டியிருக்கின்றன. தேங்காயெண்ணெய் போட்டு வேறு துடைத்திருக்கிறார்கள். எல்லார் முகத்திலும் பரீட்சை பாஸான களை.

"ஏனுங்க, எல்லாம் வரிசையாத்தானுங்களே இருக்குது?" என்று செக்ரட்டரி என்னைப் பார்த்தார். அவர் நேராக ஏழாவது கதவுக்குப் போய் போனைத் தூக்கினார். பச்சை! திரையில் வந்த அம்மாவின் பெயரைச் சத்தமாக வாசித்து, "அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்று கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்து வந்தது பாக்டரி வாட்ச்மேன் அண்ணன். ஆறடி உயரம், இடுப்பில் துண்டு, பாதி முகத்தில் ஷேவிங் நுரை.

செக்ரட்டரி போனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "நீங்களா... அந்தம்மா?"

அவ்வளவுதான், நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பில் கண்ணீர் கொட்டுகிறது, அழுகையும் சேர்ந்து வருகிறது, எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது கதவிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"சார், ஏழாம் நம்பரு நான்தான் சார். கதவுதான் அங்கிட்டு இருக்கு."

செக்ரட்டரிக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள். "பச்சை வந்துருச்சுல்ல, அப்படியே பட்டனை அமுக்கிருங்க சார்" என்றார் வாட்ச்மேன் அண்ணன், நுரையைத் துடைத்தபடி. செக்ரட்டரி தலையாட்டினார். "நாளைக்கு ஆராச்சும் செக் பண்ண வந்து ஏழாவது கதவைத் தட்டுனா நீங்க வந்து நிப்பீங்க. இந்தம்மாவுக்கு ஊடு போயிருமுங்க" என்றார்.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். எல்லோரும் அவரவர் தகட்டைக் கழற்றிக் கையில் பிடித்து, நிஜமாகக் குடியிருக்கும் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். எந்தக் கதவில் எந்தக் குடும்பம் என்று அவர் தன் லாகினில் திருத்திவிடுவார். ஸ்க்ரூ டிரைவருக்கு அடிதடி நடந்தது. கோழி ஒன்று எல்லாப் போட்டோவிலும் வந்து நின்றது. அம்மா ஏழாம் நம்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இந்த முறை மூச்சு விட்டுக்கொண்டே நின்றாள்.

எல்லாம் திருத்தியாயிற்று, அனுப்புவதற்கு மட்டும் சிக்னல் இல்லை. அதற்குள் மலையிலிருந்து மஞ்சு, அதுதான் பனிமூட்டம், இறங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியவில்லை. வளைவுக்கு ஓடினோம். முன்னால் செக்ரட்டரி, பின்னால் நான், அதற்குப் பின்னால் முட்டிவலி மறந்துபோன அம்மா, அப்புறம் லயமே. வாட்ச்மேன் அண்ணன் போனை வாங்கித் தன் முழு உயரத்துக்கும் தூக்கிப் பிடித்தார். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. "பச்சை!" என்று அவர் கத்தியதும் செக்ரட்டரி ஒரு குதி குதித்தார். அரசாங்க அதிகாரி குதித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சில நாளில் புதுத் தகடுகள் வந்தன. இந்த முறை கழற்ற முடியாதபடி சுவரோடு சேர்த்து அடித்தார்கள். "இனி நம்பரு கதவுக்குத்தானுங்க, ஆளுக்கில்லை" என்று செக்ரட்டரி லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பழைய தகடுகளைத் தேயிலைச் சாக்கில் போட்டு ஜீப்பில் ஏற்றியபோது ஏழு மட்டும் அதில் இல்லை. கேட்டதற்கு அம்மா தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வீடு கிடைத்தது. மலைக்குக் கீழே, ஓர் அறையும் சமையற்கட்டும், வாசலிலேயே பைப். வேலை முடிந்ததும் கடைசிப் போட்டோ எடுக்கச் செக்ரட்டரியே வந்தார். வாசலில் பஞ்சாயத்தின் புது நம்பரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சமையற்கட்டில் அடுப்புக்கு மேலே, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த பழைய ஏழு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, நான் அவ்வளவு சொல்லியும்? ஒரு ஊட்டுக்கு ரெண்டு நம்பரா?"

அம்மா அடுப்பைக் குறைத்தாள். "வீட்டு நம்பரு வாசல்லயே இருக்கு சார். இது என் நம்பரு."

அவர் தகடு படத்தில் விழாதபடி இரண்டடி தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.