சின்னம்மா நடத்திய சிலந்திச் சண்டை

அந்தப் பள்ளி விடுமுறையில் சூலியா தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் சிலந்திப் பைத்தியம் பிடித்திருந்தது. செம்பருத்தி வேலியில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு இலைகளைப் பிரித்தால், உள்ளே கறுப்பாக ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கும். அதைத் தீப்பெட்டியில் வளர்த்து, இன்னொருவர் சிலந்தியோடு மோதவிட வேண்டும். அண்ணனுடைய சிலந்தி யாரிடமும் தோற்றதில்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் என்னோடு டிராம் ஏறி ஆயர் ஈத்தாமுக்கு வந்தான்.

அங்கே மலையடிவாரத்தில் எங்கள் சின்னம்மா தனியாளாகப் பயற்றங்காய் போட்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தது போதும் என்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். முதல் விளைச்சலைப் பூச்சி தின்றுவிட்டது. இதுவும் போனால் பழையபடி தோட்டத்துக்குத்தான் போகவேண்டும் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தீப்பெட்டியைக் கண்டதும் சின்னம்மா பிடுங்கி எறிவார் என்று பயந்தோம். அவரோ திறந்து பார்த்துவிட்டு, இதுபோல் இன்னும் எத்தனை பிடிப்பீர்கள் என்று கேட்டார்.

“நம்ம கொல்லையிலயே பெரிய சண்டை வைப்போம். நீங்க ஒரு கட்சி, பக்கத்துச் சந்துப் பசங்க ஒரு கட்சி. கிடைக்கிறதெல்லாம் கொண்டாங்க லா.”

எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விடியுமுன் வேலிவேலியாக ஓடினோம். முள் நிறைந்த தாழம்புதருக்குள் கையை விட்டு முழங்கை வரை கீறிக்கொண்டேன். சந்துப் பையன்கள் எங்களை முந்திவிடுவார்களோ என்று சோறு இறங்கவில்லை. என் பாவாடை மடி நிறையத் தீப்பெட்டிகள் கலகலத்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கட்சியும் பயற்றங்கொடிகளுக்கு நடுவே நின்றோம். சின்னம்மா கை தட்டியதும் பெட்டிகளைத் திறந்தோம். சிலந்திகள் இலைமேல் தாவின. மறு நொடி ஒன்றைக்கூடக் காணோம்.

வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். கடைசியில் அண்ணன் தன் வீரனைக் கண்டுபிடித்தான். அது ஒரு பச்சைப் பூச்சியின் மேல் பாய்ந்து கவ்விக்கொண்டிருந்தது.

“சண்டை போடாம தின்னுக்கிட்டு இருக்கு, சின்னம்மா,” என்றான், அழாத குறையாக.

சின்னம்மா குனிந்து பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்து, ஊர் திரும்பும்வரை நாங்கள் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதம் சின்னம்மா ஒரு கூடை பயற்றங்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலியோரத்துக் கொடிகளில் சிலந்தி இருந்ததால் அங்கே மட்டும் பூச்சி குறைவாக இருந்ததை முன்பே கவனித்திருந்ததாகவும், இனித் தோட்டத்துக்குப் போகவேண்டியதில்லை என்றும் அம்மாவிடம் சொன்னார். அம்மா காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் ஓட்டை இல்லை.

நானும் அண்ணனும் கூடையைத் தரையில் கவிழ்த்தோம். எங்கள் சிலந்திகளில் ஒன்றாவது உள்ளே இருக்கிறதா என்று தேடினோம். வெறும் காய்தான் இருந்தது. மறுபடியும் ஏமாற்றிவிட்டார் என்று அண்ணன் என் காதில் சொன்னான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.