வேட்டைத் துவக்கும் உத்தரவாதச் சீட்டும்

வாங்கி மூன்று கிழமைதான். பயிற்சிக் களத்தில் பத்துத் தோட்டாவுக்கு மூன்று வெடிக்கவில்லை. இன்று வேலை முடிந்ததும் என் வேட்டைத் துவக்கை, ஒஸ்லோவில் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன்.

நோர்வேக்காரரான கடைக்காரர் துவக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கழட்டிப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"எந்த நாடு?"

"இலங்கை."

"அங்கை சண்டையிலை நிண்டனீங்களோ?"

"துவக்குக்குப் பயந்துதான் இஞ்சை ஓடி வந்தனான்" என்றேன். அவர் சிரித்தார்.

பிழை என் கையில்தான் இருக்கும் என்றும், தொழிற்சாலைக்கு அனுப்பினால் எட்டுக் கிழமை ஆகும் என்றும் சொன்னார். எல்க் மான் வேட்டை அடுத்த கிழமை தொடங்குகிறது.

என்னோடு வேலை செய்கிற ஆர்னே வெளியே காரில் இருந்தார். அவரும் நோர்வேக்காரர், வேட்டைக்கும் ஒன்றாகத்தான் போகிறோம். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன்.

"இந்த வகையிலை தோட்டாவைத் தட்டுற ஊசி சரியில்லைத்தான், எங்களுக்குத் தெரியும்" என்று கடைக்காரர் ஆர்னேயிடம் சொன்னார். அங்கேயே புது ஊசி போட்டார். கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

காரில் ஏறியதும் ஆர்னே, "நல்ல கடை, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன்.

உத்தரவாதச் சீட்டோடு ஒரு ஆர்னேயையும் சேர்த்துத் தருகிற கடை ஒஸ்லோவில் இருந்தால் சொல்லுங்கள்.