மாத்திரைக்கு சீட் கிடைக்கவில்லை

மூன்று மாதம் இருக்கும். குரோம்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். பிரியாணிப் பந்தியில் வைத்துத்தான் என் மைத்துனர் ஆரம்பித்தார்.

"ஹெலன், மாத்திரைய ஒழுங்கா போட்டியாம்மா? நடுவுல விட்டிருப்ப. இல்லாட்டி எப்படி திரும்ப வளரும்?"

ஹெலன் என் மனைவி; அவருடைய தங்கை. தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. சிகரெட் புகை பக்கத்தில் வந்தாலே மூக்கைப் பொத்துகிறவள். அவளுக்கு நுரையீரலில் கேன்சர். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருந்தது. பிறகு பார்த்தால்... ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

"மாத்திரை உடம்புக்குப் பழகிடுச்சு" என்றார்கள் சொந்தக்காரர்கள். டாக்டர் சொன்னது வேறு. கேன்சர் செல்லில் ரிசப்டர் என்று ஒன்று. 'வளரு' என்று செல்லுக்கு உத்தரவு போடுவது அதுதான். அதில் இருக்கும் ஒரு குழியில் மாத்திரை போய் உட்கார்ந்துகொண்டால் உத்தரவு நின்றுவிடும். நம்ம லோக்கல் ட்ரெயின் சீட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது அந்த ரிசப்டரில் ஒரே ஒரு இடம் மாறியிருக்கலாம் — மியூட்டேஷன். சீட் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஒருவர் பெரிய மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய மாத்திரைக்கு இடம் போதவில்லை. அந்த இடுக்கிலும் நுழைந்து கெட்டியாக ஒட்டிக்கொள்கிற புது மாத்திரை ஒன்று உண்டாம். ஆனால் மாறியது அந்த இடம்தானா? ரத்தப் பரிசோதனையில் பிடிபடவில்லை. நுரையீரலில் மறுபடி ஊசி குத்தி, சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"முடியாது" என்றுவிட்டாள் ஹெலன். முதல் தடவை ஊசி குத்தியபோது காற்று கசிந்து, நெஞ்சில் குழாயோடு கிடந்தவள். டாக்டர் எடுத்துச் சொன்னார். நான் கெஞ்சினேன். ம்ஹூம்...

அந்தச் சமயத்தில்தான் பந்தியில் அண்ணன் அப்படிக் கேட்டது. திரும்பி வரும்போது, ரயில் சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னாள்.

"என்னங்க, நாளைக்கு டாக்டருக்கு ஃபோன் போடுங்க. ஊசி குத்தி சதை எடுத்துக்கட்டும். நான் ஒரு வேளைகூட விடல. அது எல்லாருக்கும் தெரியணும்."

உயிருக்காக ஒப்புக்கொள்ளாதவள் பேருக்காக ஒப்புக்கொண்டாள்! நம்மில் பலரும் அப்படித்தானே? வலியைக்கூடத் தாங்கிவிடுகிறோம், செய்யாத தப்பைத் தலையில் கட்டினால்தான் தாங்க முடிவதில்லை.

ரிசல்ட் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்ட அதே மியூட்டேஷன். ஹெலன் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே ஒரே வரி: "மாறினது ரிசப்டர், அண்ணா. நான் இல்லை."

அன்றிலிருந்து புது மாத்திரை. போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். கட்டி நன்றாகவே சுருங்கியிருக்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ, தெரியாது. ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால் பாக்கெட் போடுகிறவர்வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

மைத்துனருக்கும் ஃபோன் போட்டேன். "பரவால்லையே, புது மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்றார்.

மாத்திரை மட்டுமா, மச்சான்?