கண்ணில் தங்கிய இரும்பு

ஸ்கேன் பிரிவில் எல்லோரும் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய காந்தம் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும் அந்த எம்.ஆர்.ஐ. அறைக்குள் பதினொரு வருடத்தில் ஒரு குண்டூசியைக்கூட அவள் விட்டதில்லை. வாய் கோணியவர், வலிப்பு வந்தவர் என்று எத்தனையோ பேரின் மூளையைப் படமெடுத்த கை. பெரிய டாக்டரே வந்தாலும் சட்டைப்பையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

அன்று காலை, இரும்பு கடையும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் தன் தம்பியை ஸ்கேனுக்காகத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். தம்பிக்குப் பட்டறையிலேயே இரண்டு தடவை வலிப்பு. பிடிக்கப் போனவனின் மூக்கை உடைத்து, தன் நாக்கையும் கடித்துக் கிழித்துக்கொண்டு, சட்டையெல்லாம் ரத்தமாக மயங்கிக் கிடந்தான்.

“தம்பி கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்கா?” என்று கேட்டாள்.

“போன வருஷம் விழுந்துச்சு. நானே காந்தத்த வெச்சு எடுத்துட்டேன்.”

“முழுசா வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“வலி நின்னுருச்சே. எங்க பட்டறையில எல்லாருக்கும் அப்படித்தான் எடுப்போம்.”

“அப்ப முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே. அப்புறம்தான் இந்த ஸ்கேன்.”

“தம்பி சாகக் கெடக்கான், நீ கண்ணப் பாக்கப் போறியா?”

சொல்லி முடிக்குமுன் அறை விழுந்தது. இரும்பு பிடித்துக் காய்த்த கை. அவள் உதடு கிழிந்து பல் ஆடியது. கதவோடு சாய்ந்தவளின் முடியைப் பிடித்து இழுத்தார். தலை கதவு நிலையில் மோதியது. விழுந்தாலும் கதவை விட்டு நகர்ந்து விழவில்லை அவள். ஸ்கேன் அறைச் சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவள் மணிக்கட்டை மிதித்துக்கொண்டு விரல்களைப் பிரித்து இழுத்தார். சுண்டுவிரல் மளுக்கென்றது. சாவி வெளியே வரவில்லை. அதற்குள் காவலாளிகள் இருவர் அவரை இழுத்துச் சுவரோடு அழுத்தினார்கள்.

“கண்ணுக்கு எக்ஸ்ரே எடுங்க,” என்றாள், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

படத்தில் வலது கண்ணுக்குள் அடிப்பக்கம் எள்ளளவு வெள்ளைப் புள்ளி. டாக்டர் அதை அண்ணன்காரரிடம் காட்டினார். “இதோட உள்ள போயிருந்தா, காந்தம் அத இழுக்கற இழுப்புல கண்ணே கிழிஞ்சிருக்கும்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதைக்குக் காந்தமில்லாத சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தார்கள். மாத்திரையில் வலிப்பு அடங்கியது. கண் டாக்டர் துணுக்கை எடுத்து, மறுபடி எக்ஸ்ரே பார்த்து, மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்.

அன்று பட்டறைக்காரர் பெல்ட், சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றார்.

“நீங்க எதுக்குக் கழட்டுனீங்க? உள்ள போறது உங்க தம்பிதான்.”

“அடிச்சதுக்கு… என்ன சொல்றதுன்னே தெரியலம்மா.”

“எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன், அங்க வந்து சொல்லுங்க. இப்ப தம்பிய அசையாம படுக்கச் சொல்லுங்க, அது போதும்.”

கட்டுப் போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற நான்கு விரல்களால் தம்பியின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.