ஸ்வர்ணலதா எழுதிவைத்த கெட்ட வார்த்தைகள்

ஆரணியில் பிறந்து ஆரணியிலேயே வாழ்க்கைப்பட்ட ஸ்வர்ணலதா, முப்பத்தாறு வயதுவரை ஒரு கெட்ட வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் ஒரே காலையில் பதினேழு கெட்ட வார்த்தைகளைத் தன் கையாலேயே போனில் எழுதினாள். பாவம், வேறு வழி இல்லை.

அவளும் கணவன் அருணகிரியும் ஒரே தறியில் மாறி மாறி நெய்கிறவர்கள். முதலாளியிடம் கூலிக்கு நெய்துகொண்டிருந்துவிட்டு, மூன்று வருடமாகத் தாங்களே நெய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். ஹேங்கரில் தொங்கும் புடவையை யாரும் சீந்துவதில்லை. ஸ்வர்ணலதா கட்டிக்கொண்டு நின்று படம் போட்டால் அன்றே போய்விடும். அருணகிரியின் அண்ணன் சிவப்பிரகாசத்துக்கு இது பிடிக்கவில்லை.

"ஊட்டுப் பொம்பளைய ஊரே பாக்க நிக்க வெக்கிற. எவனாச்சும் தப்பா ஒரு வார்த்தை எழுதட்டும், அன்னிக்கே கணக்க மூடிடணும்" என்று தம்பியிடம் சொல்லிவைத்திருந்தார். தம்பியும் தலையாட்டியிருந்தான்.

அந்த எவனோ ஆடி மாதம் வந்துவிட்டான். பெயரும் முகமும் இல்லாத கணக்கு. மாம்பழக் கலர் புடவைப் படத்தின் கீழே அவன் எழுதியதைப் படித்ததும் அவள் போனைக் கவிழ்த்துவைத்து, மறுபடி எடுத்தாள். அழித்தாள். மறுநாள் வேறு பெயரில் நாலு வந்தது. அதன் பிறகு பல் தேய்க்கும்போதே போனைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். கணக்கை மூடினால் மறுபடி முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தால் புருஷன் தன்னை என்ன நினைப்பானோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

செட்டிங்ஸில் சில வார்த்தைகளைக் கொடுத்துவைத்தால், அந்த வார்த்தை உள்ள கமெண்ட் தானாக மறைந்துவிடும் என்று ஒருநாள் காலையில் கண்டுபிடித்தாள். ஆனால் அந்த வார்த்தைகளை அவளே எழுதிக் கொடுக்க வேண்டுமே! அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தபடி எழுதி முடித்தாள். அதற்குப் பிறகு படத்தின் கீழே அசிங்கம் எதுவும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தறியில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. போனைப் பார்த்துக்கொண்டே நெய்து முந்தானையில் ஒரு வரிசைப் பூவே தப்பிப்போனதிலிருந்து அப்படி. மத்தியானம் இரண்டு மணிக்குத் தறியில் ஆள் மாறும். போனும் கை மாறும்.

வார்த்தைகளை எழுதிய அன்று மத்தியானமும் அவள் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். அருணகிரி எதிரே உட்கார்ந்து, வேலூர்க்காரம்மா ஒருவருக்குப் பதில் எழுதினான். 'புடவை ரெடி' என்று எழுதப்போனவன் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். காலையில் அவள் அடித்த வார்த்தைகளை எல்லாம் போன் ஞாபகம் வைத்திருந்து, இதுவா, இதுவா என்று வரிசையாக நீட்டியது.

"லதா, இன்னா இது? யாருக்கு எழுதிகினு இருந்த?"

ஊடைநூல் ஓட்டும் நாடா அவள் கையிலேயே நின்றது. போனைப் பிடுங்கலாம் என்றால் கால் குழிக்குள் மாட்டியிருக்கிறது.

"நான் யாருக்கும் எழுதலீங்க. எனக்குத்தான் எழுதுறானுங்க. நீங்க பாத்துடக் கூடாதேன்னு மறைச்சி வெச்சேன்."

எங்கே என்று கேட்டான். சொன்னாள். பட்டியலைப் படித்தான், மறைந்திருந்த கமெண்டுகளையும் படித்தான். அவன் காது சிவந்தது. அப்புறம் குனிந்து என்னவோ அடித்துக்கொண்டே இருந்தான். போயிற்று, கணக்கை மூடுகிறான் என்று அவளுக்கு உயிரே போய்விட்டது.

"மூடிட்டீங்களா?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். பதினேழு வார்த்தை இருபத்தாறு ஆகியிருந்தது.

"உனக்கு இவ்ளோதான் தெரியும். நூல் கடையாண்ட நின்னா நான் டெய்லி கேக்குறது இது."

"உங்க அண்ணன் கேட்டா?"

"நான் பேசிக்கிறேன். நீ நெய்யி."

மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது அருணகிரி தறியில் இருந்தான். போன் அவன் மடியில் இருந்தது. சட்டத்தை விட்டுவிட்டு அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"இன்னிக்கும் வந்துச்சா?"

"ரெண்டு. புது வார்த்தை" என்று சொல்லிக்கொண்டே பட்டியலில் அடித்தான். அவன் நெய்திருந்த முந்தானையில் ஒரு வரிசைப் பூ தப்பியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.