கயிற்றில் ஏறாத சமையல் பெட்டி

பர்மாவின் தாமுவேயில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எது வந்தாலும் பால்கனிக் கயிற்றில் பை கட்டித்தான் மேலே இழுப்போம். நறுக்கிய காய், கோழி, அளந்த மசாலாவுடன் வரும் சமையல் பெட்டியை முதன்முறை வரவழைத்தபோதும் அப்படியே இழுத்தேன். பாதியில் கயிறு அறுந்துவிட்டது! கீழே மோஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் பெண்மணி டோ மியாவுக்கு ஓரடி தள்ளிப் பெட்டி விழுந்தது.

பதறி ஓடினேன். "எனக்கு ஒண்ணுமில்லே, கோழியைப் பாரு!" என்று பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்தார். கோழிக்கும் ஒன்றுமில்லை. பெட்டியை ஐந்து மாடி தூக்கி வந்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். "செய்முறைதான் எழுதியிருக்கே, நான் ஆக்குறேன்" என்றார், வெந்நீர் மட்டுமே வைக்கத் தெரிந்த என் கணவர். குழம்பு ருசியாகவே இருந்தது.

நீங்களும் தாராளமாக வாங்கிப் பார்க்கலாம். கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். இப்போது பெட்டிக்காக நான் படியிறங்குகிறேன். குழம்பு கொதித்ததும், டோ மியாவுக்கு ஒரு கிண்ணத்தோடு கணவர் இறங்குகிறார்.