வீட்டு வழியாகப் போகும் லைன்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் இணைய லைனைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. விபிஎன் போடுகிறவர்களைப் பிடிப்பதும் அதில் ஒரு பகுதி. கம்பெனி தடுத்து வைத்திருக்கும் தளங்களைப் பார்க்க ஆசைப்பட்டு, ஷிஃப்டில் யாராவது ஒரு பிராக்ஸி சர்வர் வழியாகச் சுற்றிப் போவார்கள். பிராக்ஸி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாம் போகாமல் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிச் சாப்பாட்டைப் பொட்டலமாக, தாப்பாவ் வாங்கி வரச் சொல்வது மாதிரிதான். கடைக்காரருக்கு வந்தவர் முகம் மட்டும் தெரியும். விபிஎன் அதற்கும் மேலே. வழி நெடுக மூடிய சுரங்கம். உள்ளே என்ன போகிறது என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது, ஆனால் சுரங்கம் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்ததும் அடைத்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள், திட்டட்டும்.

மகள் நர்ஸ் வேலைக்கு வளைகுடா நாடொன்றுக்குப் போனபோது, இதே வேலையை ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தலைகீழாகச் செய்ய வேண்டி வந்தது. அங்கே எழுத்துச் செய்தி போகும். வீடியோ கால் போகாது, தடுத்திருக்கிறார்கள். சாதாரண ஃபோனில் குரல் கேட்கும்தான், ஆனால் என் மனைவிக்குக் குரல் போதவில்லை, முகம் வேண்டும். இனிப்புநீர் வியாதி அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. லேசர் வைத்துப் பார்த்தாயிற்று. இருக்கிற பார்வை எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வரவேற்பறை அலமாரியில் ஒரு சின்ன சர்வரை வைத்தேன். மகள் அங்கே எதைத் திறந்தாலும் அது சுரங்கம் வழியாக நம் வீட்டுக்கு வந்து, நம் லைனில் வெளியே போகும், பதிலும் நம் வீட்டுக்கு வந்துதான் அவளிடம் போகும் என்று மனைவிக்கு விளக்கினேன்.

"அப்ப அவ இங்க இருக்கிற மாதிரிதானே?" என்றாள். ஆமாம் என்றேன்.

முதலில் ஓபன்விபிஎன் என்ற மென்பொருளைப் போட்டேன். கொஞ்ச நாளில் செத்துவிட்டது. அது பேச்சைத் தொடங்கும் விதத்தை வைத்தே இன்ன ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். அடுத்தது வயர்கார்டு. வேகமானது, ஆனால் அதற்கும் மாறாத முகச்சாயல் உண்டு, அதையும் பிடித்துவிட்டார்கள். அந்த நாட்டில் ஏதோ ஓர் அறையில் என்னைப் போலவே ஒருத்தன் உட்கார்ந்து தன் வேலையைச் செய்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய்விட்டுச் சபித்தேன். கடைசியில், எல்லாரும் வங்கிக்கும் கடைக்கும் போகிற சாதாரண இணையப் போக்குவரத்து மாதிரி வேஷம் கட்டி ஒரு சுரங்கம் போட்டேன். அது பிடிபடாமல் நிலைத்தது.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றியதும் மனைவி ஃபோனை மூக்கை இடிக்கும் அளவுக்கு அருகில் பிடித்துக்கொள்வாள். முதலில் முகம் பார்ப்பாள், மெலிந்துவிட்டாய் என்பாள். பிறகு ஆரம்பித்துவிடுவாள்.

"கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவ வந்துட்டுப் போயேன்டி."

"காண்ட்ராக்ட் முடியலம்மா. நடுவுல விட மாட்டாங்க."

"சாவுக்கு மட்டும் விடுவாங்களா?"

வாரம் தவறாமல் இதே பேச்சு, இதே அழுகை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. "ப்பா, விபிஎன் மறுபடியும் பிளாக் ஆயிருச்சு. அம்மாகிட்ட சொல்லிருங்க." பழையதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டு விவரத்தை அனுப்பினேன். "இதுவும் வரலப்பா" என்றாள். இன்னொன்று போட்டேன். அதுவும் வரவில்லை என்றாள். இரண்டு முறை உண்மையாகவே அடைத்தவர்கள்தானே என்று நம்பினேன். பெற்ற பிள்ளையிடம் யார் ஆதாரம் கேட்பார்கள்? மனைவி விளக்கேற்றிவிட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வாரங்களில் அவள் பார்வை இன்னும் மங்கியது.

டிவி நாடகத்தை அப்போதெல்லாம் அவள் கேட்கத்தான் செய்தாள். அதுவும் இணையத்தில் வருவது, அடிக்கடி நின்று நின்று வந்தது.

"ஏங்க, நெட்டு நிக்குது லா. ஊருக்கெல்லாம் லைன் பாக்குறீங்க, வீட்டு லைன பாக்க மாட்டீங்களா?"

இணையக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். எங்கள் பக்கம் கோளாறு இல்லை சார் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பிறகுதான் கணினி முன் உட்கார்ந்து, லைனை யார் தின்கிறார்கள் என்று பார்த்தேன். புதிய சுரங்கங்கள் காலியாகக் கிடந்தன. செத்துவிட்டதாக மகள் சொன்ன பழைய சுரங்கம் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வருகிற வீடியோ அப்படியே வீட்டைவிட்டு அவளிடம் போய்க்கொண்டிருந்தது. அவள் போயிருந்த இடம், மலேசியாவில் இருந்தால் மட்டும் திறக்கிற நம்மூர்த் தமிழ் நாடகத் தளம்.

கோபம் மண்டைக்கு ஏறியது. தொழிற்சாலையாக இருந்தால் ஒரே வரியில் அடைத்திருப்பேன். விசைப்பலகையில் கைவைத்தவன் எடுத்துவிட்டேன். தினமும் அவள் நம் வீட்டுக்கு வந்து படம் பார்த்துவிட்டுப் போகிறாள், அம்மாவின் அழுகையை மட்டும் பார்க்க முடியவில்லை. அதை நினைத்ததும் எனக்கும் அழுகை வந்தது. மனைவியிடம் போய், தெருவில் கேபிள் பழுதுபார்க்கிறார்கள் என்றேன்.

சில நாள் கழித்து, பாசிர் கூடாங் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி வீடு வந்தபோது நாடக நேரம். டிவி அணைந்திருந்தது. மனைவி அதன் எதிரில் கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் போடல?"

"நான் போட்டா அவளுக்கு நிக்கும்."

"யாருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"நீங்கதானே சொன்னீங்க, அவ எதப் பாத்தாலும் நம்ம வீட்டு வழியாத்தான் போவும்னு. டெய்லி இந்த நேரத்துக்குத்தான் நிக்குது. கண்ணுதான் தெரியல எனக்கு. அவ வந்துட்டுப் போறது தெரியாதா?"

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்கே மகளுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுகிறேன் என்றேன். அவள் தடவிப் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுறாதீங்க. கேட்டா இதுக்கும் வர மாட்டா."